பல்லாவரத்துக் குடைவரையும் பழந்திருப்பணியும்

தொண்டை நன்னாட்டின் வடகீழ்ப் பகுதியில், கடலுக்கு அணித்தாய், சிறு குன்றுகளும் ஏரிகளும் சூழ்ந்து விளங்குவது இன்றைய தாம்பரமும் அதனைச் சார்ந்த ஊர்களும் ஆகும். தாம்பரத்திலிருந்து சென்னை நோக்கி இருப்புப்பாதை வழியே செல்வோர், குரோம்பேட்டையைக் கடந்ததும் பல்லாவரத்தை அடைவர். 2021ஆம் ஆண்டில் அமைந்த தாம்பரம் மாநகராட்சியில் இவ்வூரும் அடங்கும். விமான நிலையத்தின் ஓசையும் பெருஞ்சாலையின் பரபரப்பும் நிறைந்த இவ்விடத்தில், ஏறத்தாழ 1400 ஆண்டுகட்கு முன்னர் ஒரு பேரரசன் மலையைக் குடைந்து கடவுளுக்கு இல்லம் அமைத்தான் என்பதை அறிந்தோர் சிலரே. அவ்வரசன் பல்லவ குலத்து முதலாம் மகேந்திரவர்மன். அவன் பெயரை இன்றளவும் காத்து நிற்பது பல்லாவரத்துக் குடைவரை.

திருக்கோயில் ஒன்றுக்குக் குடமுழுக்கு நிகழும் காலத்தில் அன்பர் உள்ளமெல்லாம் புதுமையை நாடும். புதிய கலசமும் புதிய வண்ணமும் கண்ணுக்கு இனியனவே. ஆயினும் பழமையைப் போற்றிக் காப்பதும் திருப்பணியின் தலையாய பகுதி என்பதை இக்குடைவரையின் வரலாறு நன்கு உணர்த்துகின்றது.

தொன்மைக்கும் தொன்மையான ஊர்

பல்லாவரத்தின் பழமை பல்லவரோடு தொடங்கியதன்று. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் இவ்வூர்ச் செம்புரைக்கல் மண்ணிடையே பழங்கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்திய நாட்டில் பழங்கற்கால மாந்தர் வாழ்ந்தனர் என்னும் உண்மைக்கு அக்கல்லே முதற் சான்றாயிற்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் ரீ என்பார் இங்கே அகழ்ந்து, கால்கள் பொருத்திய சுடுமண் ஈமப்பேழையை வெளிக்கொணர்ந்தார். பல்லாவரத்தில் பெருங்கற்கால மக்கள் தம் முன்னோரை அடக்கம் செய்த பகுதி இன்று மத்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது.

கற்கருவி செய்தோரும், ஈமப்பேழை வனைந்தோரும் வாழ்ந்து மறைந்த நெடுங்காலத்திற்குப் பின்னரே பல்லவனின் உளி இம்மலையில் ஒலித்தது. பல்லவபுரம் என்பதே மருவிப் பல்லாவரம் ஆயிற்று. மன்னர் குலம் மறைந்து ஓராயிரம் ஆண்டுகட்கு மேலாகியும், அக்குலத்தின் பெயர் மக்கள் நாவில் நாள்தோறும் வழங்குதல் வியப்பேயாகும்.

ஊரைச் சூழ்ந்த திருத்தலங்களும் பலவாம். திருமங்கையாழ்வார் பாடிப் பரவிய திருநீர்மலை ஒருபால். சோழர் காலக் கல்வெட்டுகள் பொறித்த திரிசூலத்துச் சிவாலயம் மற்றொருபால். பெரியபுராணம் அருளிய சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூர் பிறிதொருபால். இவ்வாறு சைவமும் வைணவமும் தழைத்த நிலத்தின் நடுவே அமைந்தது பல்லாவரத்துக் குன்று.

மலையைக் கோயிலாக்கிய மன்னன்

மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியிலிருந்து ஆண்டவன். அவனுக்கு முன் தமிழகத்துக் கோயில்கள் பெரும்பாலும் செங்கல்லாலும் மரத்தாலும் சுதையாலும் ஆனவை. மழையும் வெயிலும் கரையானும் அவற்றை உண்டுவிட்டன. காலத்தை வெல்லும் கோயில் வேண்டுமென அம்மன்னன் எண்ணினான் போலும். விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் அவன் பொறித்த வடமொழிக் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி, பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் என்னும் மன்னன் ஆலயம் அமைத்தான் என்று பெருமிதத்துடன் கூறுகின்றது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்களுள் ஒன்று.

மண்டகப்பட்டில் எழுந்த எண்ணம் தொண்டை நாடெங்கும் பரவியது. மகேந்திரவாடியில் திருமாலுக்கு மகேந்திர விஷ்ணுகிருகம் எழுந்தது. தளவானூரில் சத்துருமல்லேசுவராலயமும், சீயமங்கலத்தில் அவனிபாஜன பல்லவேசுவரமும், காவிரிக்கரையில் திருச்சிராப்பள்ளிக் குன்றின்மேல் லளிதாங்குர பல்லவேசுவர கிருகமும் தோன்றின. இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே பல்லாவரத்துக் குடைவரையும்.

இப்பணியின் அருமையை அறிய வேண்டுமாயின் இந்நிலத்துக் கல்லின் இயல்பை அறிதல் வேண்டும். அசந்தாவிலும் வாதாபியிலும் குடைவரை செய்தோர்க்குக் கிடைத்த பாறையினும் தொண்டை நாட்டுக் கருங்கல் மிக்க வன்மையுடையது. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிக் கல்லைத் தாமசு ஆலண்டு என்னும் அறிஞர் ஆராய்ந்து, 1893ஆம் ஆண்டில் அதற்குச் சார்னோக்கைட்டு எனப் பெயரிட்டார். கல்கத்தாவில் உள்ள சோபு சார்னோக்கு என்பவரது கல்லறைப் பலகை இவ்வகைக் கல்லால் ஆனமையின் அப்பெயர் வந்தது. உலகின் பல நாடுகளிலும் இவ்வினக் கல்லை இன்று நிலவியலார் இப்பெயராலேயே வழங்குவர்.

இத்தகைய வன்பாறையைச் சிற்பியர் எங்ஙனம் குடைந்தனர் என்பதை மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாது நிற்கும் பணிகள் காட்டுகின்றன. பாறையின் முகத்தைச் செம்மைப்படுத்திச் சதுரங்களாக வகுப்பர். சதுரங்களின் எல்லைக் கோடுகளை உளியால் ஆழ்ந்த வாய்க்கால்போல் வெட்டுவர். பின்னர் இடையே நிற்கும் கல்லைத் தகர்த்து நீக்குவர். மீண்டும் சதுரம், மீண்டும் வாய்க்கால், மீண்டும் தகர்ப்பு. இவ்வாறு அங்குலம் அங்குலமாக மலையினுள் புகுந்தனர். கட்டடக் கோயிலில் ஒரு கல் பழுதாயின் வேறு கல் வைக்கலாம். குடைவரையில் ஓர் உளி தவறினும் மாற்று இல்லை. தூண் நிற்க வேண்டிய இடத்தை முன்னரே உளத்திற் கண்டு, அதனை விட்டு மற்றதை நீக்கும் கலை இது. அக்கைவினைஞரின் பெயர்கள் கல்லில் இல்லை. அவர்தம் பொறுமை கல்லாகவே நிற்கின்றது.

ஐந்து கருவறைகள்

பல்லாவரத்துக் குடைவரை அகன்ற மண்டபமும், அதன் பின்சுவரில் வரிசையாகக் குடைந்த ஐந்து கருவறைகளும் உடையது. மகேந்திரன் காலத்துத் தூண்கள் அடியிலும் முடியிலும் சதுரமாகவும், இடையே எண்பட்டையாகவும் அமைதல் மரபு. அலங்காரம் மிகுதியும் இன்றி, கல்லின் திண்மையையே அழகாகக் கொண்ட அமைப்பு அது. பிற்காலச் சோழர் கோயிலின் நுண்சிற்பங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு இஃது எளிமையாகத் தோன்றும். ஆயின் அவ்வெளிமையே தமிழகத்துக் கற்கோயிற் கலையின் முதற்படி என்பதை உணரின் வணக்கம் தானே பிறக்கும்.

ஐந்து அறைகளைக் கண்ட பொதுமக்கள் ஐவரை நினைந்தனர். பாண்டவர் ஐவரும் வனவாசத்தில் இங்கே தங்கினர் எனக் கதை வழங்கி, குன்றுக்குப் பஞ்சபாண்டவமலை என்னும் பெயரும் ஏற்பட்டது. தமிழகத்தில் குகை உள்ள குன்றுகள் பலவும் இப்பெயர் பெற்றிருத்தலைக் காணலாம். தாம் அறியாப் பழமையைத் தாம் அறிந்த இதிகாசத்தோடு இணைத்துப் போற்றுவது நம் நாட்டு மக்களின் இயல்பு. அதனால் தீங்கு ஒன்றும் இல்லை. பல இடங்களில் அக்கதையே பாறையை உடைப்போர் கையினின்றும் காத்துள்ளது.

கதையினின்று வரலாற்றைப் பிரித்துக் காட்டியவை கல்லின்மேல் உள்ள எழுத்துகளே. இக்குடைவரையில் மகேந்திரவிக்கிரமன் என்பது முதலாக மன்னனின் விருதுப் பெயர்கள் பல்லவ கிரந்த எழுத்தில் வரிசையாகப் பொறிக்கப்பெற்றுள்ளன. திருச்சிராப்பள்ளியிற் போலவே இங்கும் வடமொழி, தெலுங்கு, தமிழ் ஆகிய மொழிகளைச் சார்ந்த விருதுகள் விரவி வருகின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கல்வெட்டறிஞர் இவற்றைப் படியெடுத்து ஆராய்ந்தனர். கே. ஆர். சீனிவாசன் அவர்கள் பல்லவர் குடைவரைகளைப் பற்றி எழுதி, 1964ஆம் ஆண்டில் தொல்லியல் துறை வெளியிட்ட பெருநூலில் பல்லாவரமும் இடம்பெற்றுள்ளது. அவ்வெழுத்துகள் மட்டும் இல்லையாயின், இக்குகை யாருடையது என்று கூற ஒருவராலும் இயன்றிராது.

பிற்காலத்தில் இக்குடைவரை இசுலாமியப் பெருமக்களின் தர்காவாயிற்று. இன்றும் அவ்வாறே விளங்குகின்றது. மன்னன் வகுத்த அறைகளின் முன் மொழி வேறாய், முறை வேறாய் வழிபாடு நிகழ்கின்றது. வழிபடுவோர் மாறினும் வழிபாடு மாறவில்லை. மக்கள் வந்து விளக்கேற்றும் இடமாக இருந்தமையாலேயே, கல்லுக்காகக் குன்றுகள் பல உடைக்கப்பெற்ற இவ்வட்டாரத்தில் இக்குகை பிழைத்து நின்றது எனல் பொருந்தும். பல்லவன் பெயரைக் காத்த நன்றி அவ்வழிபாட்டாளர்க்கும் உரியது.

சேக்கிழாரும் குணபரனும்

பல்லாவரத்திற்கு அணித்தாயுள்ள குன்றத்தூரில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் தோன்றினார். அவர் அருளிய பெரியபுராணத்தில், திருநாவுக்கரசரைத் துன்புறுத்திய பல்லவ வேந்தன் பின்னர் மனம் திரும்பிச் சிவநெறி சார்ந்ததும், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை நீக்கித் திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயில் எடுத்ததும் கூறப்படுகின்றன. குணபரன் என்பது மகேந்திரவர்மனுக்கு வழங்கிய விருதுப் பெயர் என்று கல்வெட்டுகளால் தெளிவாகின்றது. திருச்சிராப்பள்ளிக் கல்வெட்டும், குணபரன் என்னும் மன்னன் மாறான நெறியினின்று திரும்பி இலிங்க வழிபாட்டை மேற்கொண்டமையைக் குறிப்பாற் சுட்டுகின்றது.

அடியார் வரலாறு பாடிய புலவரின் வாக்கிற்கும், மலைமேல் உளி செதுக்கிய எழுத்திற்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகள் உள்ளன. எனினும் இரண்டும் குணபரன் என்னும் ஒரே பெயரில் சந்திக்கின்றன. பக்தர் போற்றும் புராணத்திற்கு வரலாறு அரணாக நிற்பது இத்தகைய இடங்களிலேயாம். கல்வெட்டு அழியின் அவ்வரணும் அழியும்.

வல்லத்துக் கொடையாளர்

மன்னன் பெயரைக் காத்த குடைவரை பல்லாவரத்தது என்றால், மன்னரல்லாத கொடையாளர் பெயரைக் காத்த குடைவரைகளைத் தாம்பரத்திற்குத் தெற்கே செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள வல்லத்தில் காணலாம். அங்குள்ள குன்றில் மூன்று குடைவரைகள் உள்ளன. மூன்றும் மத்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ள சின்னங்கள். அவற்றுள் முதன்மையானது வேதாந்தீசுவரர் கோயில். பாதுகாக்கப்பெற்ற சின்னமாயினும் அது வெறும் காட்சிப் பொருளன்று. அங்கே ஈசனுக்கு வழிபாடு நடைபெறுகின்றது.

அக்கோயிலின் தூண்களில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, மகேந்திரவர்மனைப் பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் எனப் பல விருதுகளாற் சிறப்பித்து, அவன் அடியானாகிய வசந்தப்பிரியரசனின் மகன் கந்தசேனன் அத்தேவகுலத்தைச் செய்வித்தான் என்று கூறுகின்றது. கோயிலைத் தேவகுலம் எனக் குறிக்கும் அச்சொல்லாட்சி எண்ணி இன்புறத்தக்கது. பல்லவர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளுள் மிகப் பழையனவற்றில் இஃது ஒன்று.

அக்குன்றின் மற்றொரு குடைவரை ஒரு பெண்மணி செய்வித்தது. பல்லவப் பேரரசரின் மகள் கொம்மை என்று அவள் பெயரைக் கல்வெட்டு உரைக்கின்றது. மூன்றாவது குடைவரை திருமாலுக்குரியது. ஒரே குன்றில் சிவனும் திருமாலும் எழுந்தருள, அங்கே திருப்பணி செய்தோருள் ஓர் அதிகாரியின் மகனும் ஒரு மகளும் இடம்பெற்றிருத்தல், அக்காலத்துச் சமயப் பொறைக்கும் பெண்டிர் பெற்றிருந்த உரிமைக்கும் சான்று பகர்கின்றது.

கந்தசேனன் வென்ற போர் ஒன்றும் இல்லை. கொம்மையைப் பாடிய புலவரும் இல்லை. அவர்தம் செல்வமும் மாளிகையும் சுவடின்றி மறைந்தன. எஞ்சியவை சில வரி எழுத்துகளே. தூணின்மேல் ஒருவர் அறியாது சுண்ணம் பூசியிருப்பின், அல்லது தூய்மை செய்வதாக எண்ணி இயந்திரத்தால் தேய்த்திருப்பின், 1400 ஆண்டு நின்ற புகழ் ஒரு பகலில் போயிருக்கும். இன்று கோயிலுக்குப் பொருள் வழங்கும் அன்பர்கள், தம் பெயர் பொறித்த சலவைக்கல் நெடுங்காலம் நிலைக்க வேண்டுமென விரும்புவது இயல்பே. அவ்விருப்பம் கந்தசேனனுக்கும் கொம்மைக்கும் இருந்ததன்றோ? முன்னோர் கொடையைக் காப்பவர்க்கே தம் கொடை காக்கப்பெறும் என்று நம்பும் உரிமை உண்டு.

முன்னோர் காட்டிய முறை

பழைய கோயிலைப் புதுப்பிக்குங்கால் அதன் எழுத்துகளை என் செய்வது என்னும் வினாவுக்குச் சோழப் பேரரசர் விடை கண்டுள்ளனர். செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் ஆலயத்தைக் கற்றளியாகப் புதுக்கியபோது, அங்கு முன்னரே இருந்த கல்வெட்டுகளைக் கைவிட்டாரல்லர். அவற்றைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறிப்பித்தார். பழைய கல்லின் படி இது எனக் குறிப்பும் இடச் செய்தார். பொய்யும் கலப்பும் நேராதவாறு மூலத்தையும் படியையும் வேறுபடுத்திக் காட்டிய அந்நேர்மை போற்றத்தக்கது.

திருமழபாடியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. வைத்தியநாதர் திருக்கோயிலின் விமானத்தைப் புதிதாக எடுக்குமாறு முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பழைய சுவர்களைப் பிரிக்குமுன் அவற்றின்மேல் இருந்த கல்வெட்டுகள் ஏட்டில் எழுதிக்கொள்ளப்பெற்றன. அவன் மகன் இராசேந்திரனது 14ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. தந்தை தொடங்கிய பணியைத் தனயன் முடித்தான், இடையே ஆண்டுகள் பல சென்றும் ஏடு தொலையவில்லை, எழுத்து மறக்கப்படவில்லை.

உலகாண்ட மன்னரும் தமக்கு முற்பட்ட எளிய ஒருவர் ஒரு விளக்குக்குத் தந்த ஆட்டையும் நிலத்தையும் பதிவினின்று நீக்கத் துணியவில்லை. கோயிற் சுவர் இறைவனது திருமேனியைச் சூழ்ந்த ஆடை எனின், அதன்மேல் உள்ள எழுத்து அவ்வாடையில் நெய்த பொன்னிழையாகும்.

சட்டமும் கடமையும்

இக்காலத்தில் அரசும் இக்கடமையை மேற்கொண்டுள்ளது. 1904ஆம் ஆண்டில் பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் அதனை விரிவாக்கியது. தமிழகத்திற்கென 1966ஆம் ஆண்டில் தனிச் சட்டம் பிறந்தது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மத்திய அரசின் காப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழுப்பலாகாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே கட்டலாம். காப்பில் உள்ள சின்னம் வழிபாட்டிடமாயின், அதன் இயல்புக்கு மாறான எப்பயனுக்கும் அதனைக் கொள்ளலாகாது என்பதும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் நெறியாகும். வழிபாடும் காப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை வல்லம் காட்டுகின்றது.

நகரம் பெருகுந்தோறும் இச்சட்டத்தால் அண்டை வாழ்வோர்க்கு இடர்ப்பாடு உண்டாதலும் உண்மையே. வீட்டுக்கு மேல்தளம் எழுப்ப எண்ணுவோர் இசைவுக்காகக் காத்திருக்க நேர்கின்றது. அவர்தம் குறையைக் கேட்டு ஆவன செய்தல் ஆட்சியாளர் கடன். ஆயினும் ஒருமுறை உடைந்த குன்று மீண்டும் வளராது. ஒருமுறை அழிந்த எழுத்தை மன்னனே வந்தாலும் எழுத இயலாது என்பதும் எண்ணத்தக்கது.

சட்டத்தின் காவல் எல்லாக் கோயிலுக்கும் எட்டுவதன்று. தொண்டை நாட்டின் சிற்றூர்தோறும், காவற் பட்டியலில் இடம்பெறாத பழங்கோயில்கள் பலவுண்டு. அங்கே காவலர் அடியார்களே. கற்சுவரை மணல் வீச்சால் தூய்மை செய்யும் முறையில் எழுத்தின் விளிம்பும் சிற்பத்தின் முகமும் தேய்ந்து போகின்றன. இந்து சமய அறநிலையத் துறையும் அம்முறையைத் தடை செய்துள்ளது. எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணப் படிவும் நீக்க மென்மையான வழிகள் உள்ளன. கருங்கல்லின்மேல் வண்ணம் பூசாமையும், எழுத்துள்ள சுவரில் ஆணி அடியாமையும், தரையோடு பதிந்த கல்லில் எழுத்துத் தோன்றின் சிமெண்டால் மூடாமையும் பொருட்செலவு இல்லாத் திருப்பணிகள். பணி தொடங்குமுன் அறிஞரை அழைத்து, மை ஒற்றிப் படியெடுத்துவைத்தலும் இன்றியமையாதது. திருமழபாடியில் ஏடு செய்த பணியை இன்று ஒரு தாளும் ஒரு நிழற்படமும் செய்ய வல்லன.

குடமுழுக்கு என்பது தெய்வ ஆற்றலைப் புதுப்பிக்கும் விழா. பழமையை அழிக்கும் விழாவன்று. பல்லாவரத்துக் குன்றில் பெயரறியாச் சிற்பியர் வெட்டிய ஐந்து அறைகளும், வல்லத்துக் குன்றில் கந்தசேனனும் கொம்மையும் விட்டுச்சென்ற சில வரிகளும் திருப்பணிச் செல்வர்க்கு உரைப்பது இதுவே. புதிய கல்லை நாட்டுவோர் பழைய கல்லையும் வணங்குவாராக. தம் பெயரைப் பொறிப்போர் தமக்கு முன் பொறித்தோர் பெயரையும் காப்பாராக. அங்ஙனம் காக்கும் அன்பர்தம் கொடையும் குலமும் வழிவழி விளங்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் முன்னிற்பதாக.